ஒரு கோடுகூட இல்லாத படம்

இன்னிக்கு பிரிஞ்சாங் டவுன்ல ஒரு ரொட்டிக் கடையில உட்கார்ந்திருந்தப்போ, எங்க லேப்ல இருந்து கவிதா ஒரு படம் அனுப்பினா. புது ஆன்டிபாடி ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர்ங்கிற புரதத்தை மட்டும்தான் பிடிக்குதான்னு மாசக்கணக்கா சோதிச்சிட்டிருக்கோம். பிடிச்சா படத்துல ஒரு கோடு விழும்.

ரிசெப்டரே இல்லாத செல்லோட படம் அது. சுத்த வெள்ளை. ஒரு கோடுகூட இல்ல. நான் எழுந்து நின்னுட்டேன்.

கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்தாரு.
"ஒண்ணுமே இல்லையே தங்கச்சி?"

"அதான் அண்ணே வேணும். ரிசெப்டர் இருக்கிற செல்லுல நேத்தே கோடு வந்துடுச்சு. இதுலயும் வந்திருந்தா, கண்டதையும் பிடிக்குதுன்னு தூக்கிப் போட்டிருப்போம்."

"முழுசாப் புரியல லா. ஆனா இந்தத் தே தாரேக் டீ என் கணக்கு."

உடனே வீட்டு குரூப்புல போட்டேன். பக்கத்து ஊர் கியா பார்ம்ல இருந்து அப்பா பதில் போட்டாரு: "படம் இன்னும் லோட் ஆகலம்மா."

உங்களுக்கும் கீழே போட்டிருக்கேன். லோட் ஆயிடுச்சுங்க. படமே அதான்.