மதகு வரைக்கும்

மரியநாயகம் சேர் வாரத்தில் ஐந்து நாள் கணக்குப் படிப்பித்தார். ஞாயிறு காலையில் பூசைக்குப் போனார், சாயங்காலம் உதைபந்தாட்ட நடுவராக நின்று திட்டு வாங்கினார். மூன்றில் எது பிடித்தது என்று கேட்டால் பூசை என்றுதான் சொல்வார். வேறு எப்படிச் சொல்ல முடியும்?

லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும் மோதினால், தோற்ற பக்கத்துச் சனம் நடுவரைத் துரத்தும். அது முறை. ஆனால் ரோட்டு மதகு வரைக்கும்தான். மதகைத் தாண்டிவிட்டால் அவர் மறுபடியும் வாத்தியார். கல்லோடு ஓடி வந்தவனே கல்லைப் போட்டுவிட்டு, "நம்ம பொடியன் கணக்குல எப்பிடிங்க சேர்?" என்று கேட்பான்.

துரத்துவதில் முதல் ஆள் கீழ் டிவிஷன் பேச்சியம்மா. அவள் புருஷன் செல்லசாமி கோல் காப்பவன். ஒருமுறை அவனுக்கு எதிராகச் சேர் கொடுத்த பெனால்டிக்கு, அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினாள்.

பிறகு கிரிக்கெட் வந்தது, பந்தாட்டம் படுத்துவிட்டது. செல்லசாமியும் போன வருஷம் போய்ச் சேர்ந்தான். அவன் நினைவாக இந்த மாதம் ஒரு போட்டி வைத்த பேரன் கிஷாந்த், எழுபத்து நாலு வயதுச் சேரைக் கௌரவ நடுவராகக் கூப்பிட்டான். துரத்துவார்களே என்று சேர் புதுச் சப்பாத்து வாங்கினார்.

மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். திட்டத்தான் ஆளில்லை. சனமெல்லாம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. முன்வரிசை நாற்காலியில் பேச்சியம்மா. "இன்னைக்கு நீங்க விஐபி, வாயத் தொறக்கக் கூடாது" என்று கிஷாந்த் சொல்லி வைத்திருந்தான்.

சேர் பொறுத்துப் பார்த்தார். கடைசி நிமிஷத்தில், கீழ் டிவிஷன் பொடியன் ஒருவனின் நெஞ்சில் பட்ட பந்தைக் கையில் பட்டது என்று சொல்லிப் பெனால்டி கொடுத்தார். பச்சைப் பொய்.

"சரிங்க சேர்" என்றான் அந்தப் பொடியன்.

பந்து கோலுக்குள் போனது. கீழ் டிவிஷன் தோற்றது, தோற்றவர்களும் கைதட்டினார்கள். சேருக்கு அழுகையே வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் ரோட்டில் இறங்கி நடந்தார்.

"நில்லுடா, குருட்டுப் பயலே!"

திரும்பினார். கம்பை ஊன்றிக்கொண்டு பேச்சியம்மா வந்துகொண்டிருந்தாள். "அன்னைக்கு எம் புருஷனுக்குக் குடுத்த அதே பெனால்டிய இந்தப் புள்ளைக்கும் குடுக்கிறியா? ஒனக்கெல்லாம் எவன்டா விசில் குடுத்தான்?"

"ஐயோ, சேரைப் போயி..." என்று குறுக்கே வந்த கிஷாந்துக்குக் கம்பால் ஒன்று விழுந்தது.

சேர் ஓடினார். முட்டிவலியோடு, சால்வை ரோட்டில் விழ, வாயெல்லாம் சிரிப்பாக ஓடினார். மதகைத் தாண்டித்தான் நின்றார்.

பேச்சியம்மா மதகடியில் நின்று மூச்சு வாங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வீட்டுக்கு வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க சேர். அவரு இருந்தா கூப்புட்டிருப்பாரு."