நேற்று மதியம் யாருடன் சாப்பிட்டீர்கள்?

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க மாமா. கதை விடாதீங்க" என்றான் என் மச்சான்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் சமூகவியல் வாத்தியார் அவன். ஆய்வு முறைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு அலுத்துவிட்டதாம். மாணவர்களே ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தார்கள். மறுநாள் அதோடு பிச்சாவரம் பக்கத்து மீனவக் குப்பத்துக்குப் போகவேண்டும். அதற்கு முன் சோதித்துப் பார்க்க ஓர் எலி வேண்டுமே... அவன் வகுப்பில் வந்து உட்கார்ந்த நான்தான்!

கண்ணாடி போட்ட பையன் ஆரம்பித்தான். "குடும்பத்தோட சேர்ந்து சாப்பிடுவீங்களா சார்? எப்போதும், சில சமயம், இல்லவே இல்லை..."

"எப்போதும்." எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் தெரியுமா? டிக் விழுந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து தேவி எழுந்தாள். அந்தக் குப்பத்துப் பெண்.

"நேத்து மதியம் யாரோட சாப்ட்டீங்க சார்?"

நேற்று... கடலூர் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில், ஒரு தூணைப் பார்த்தபடி. "தனியா."

"முந்தாநேத்து?"

"தனியாதான்மா..."

வகுப்பே சிரித்தது. பொய் சொல்ல நான் நினைக்கவே இல்லையே! அப்புறம் அந்த 'எப்போதும்' எங்கிருந்து வந்தது? வாழ ஆசைப்பட்ட வாழ்க்கையைத்தான் நாம் படிவங்களில் வாழ்கிறோமோ?

தேவி சிரிக்கவில்லை. "சுனாமிக்கப்பறம் எத்தினி பேரு வந்து எழுதிக்கினு போயிட்டாங்க. பேடும் பேனாவும் பாத்தாலே எங்கம்மா அஞ்சு நிமிஷத்துல பதில் சொல்லி அனுப்பிடும். எல்லாம் மனப்பாடம். இந்தத் தாளோட போனா எங்க ஊரப் பத்தி நாமளும் தப்பாத்தான் எழுதுவோம்."

"அப்ப ரெண்டு வாரம் உக்காந்து எழுதுனது வேஸ்ட்டா?" பையன் சிடுசிடுத்தான்.

"எடுத்துக்கினு வாயேன். எங்கம்மா உன்ன நாலு நிமிஷத்துலயே அனுப்பிடும்."

மச்சான் சாக்பீஸை உருட்டியபடி ஜன்னலோரம் நின்றான். வாத்தியார் சும்மா இருப்பதும் பாடம் நடத்துவதுதானோ? அவர்களே சண்டை போட்டு, நாற்பது கேள்விகளை ஒவ்வொன்றாக அடித்து, ஒன்றே ஒன்றில் வந்து நின்றார்கள் — நேற்று காலையில் எழுந்ததிலிருந்து என்ன நடந்தது? துடுப்பை எடுத்துவிட்டு, உப்பங்கழி இழுக்கிற பக்கம் படகை விடுவது மாதிரி ஒரு கேள்வி.

மறுநாள் சாயங்காலம் மச்சான் போன் செய்தான்.

"கண்ணாடிப் பையன் தேவி வீட்டுக்கே போனான் மாமா. அந்த ஒரு கேள்விதான் கேட்டான். அந்தம்மா ரெண்டு மணி நேரம் அவன எந்திரிக்க விடல. மீன் ஏலம், மருமக, முட்டிவலி... அத்தனையும் கொட்டிட்டு, கடைசியா என்ன சொல்லிச்சு தெரியுமா?"

"என்ன?"

"'பேச்சு கெடக்குது தம்பி... நீ கேக்க வந்ததக் கேளு'ன்னுச்சு!"