கை பழகிய வெட்டு

திரும்பி வரும் பொருள்களுக்கென்று ஒரு கிடங்கு இருப்பதே பலருக்குத் தெரியாது. கைப்பேசியில் வாங்கிய சட்டை அளவு சேரவில்லை, நிறம் பிடிக்கவில்லை, ஒரு நாள் உடுத்தியதும் சலித்துவிட்டது என்று மக்கள் திருப்பி அனுப்புகிறார்கள். பணமும் திரும்பக் கிடைத்துவிடுகிறது. அத்தோடு கதை முடிந்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள். சட்டையின் கதை முடிவது கத்தரியக்காவின் மேசையில்.

மலிவுத் துணியைச் சரிபார்த்து, மடித்து, மறுபடி உறையிலிட்டு விற்பதற்கு ஆகும் செலவு, புதிதாக ஒன்று தைப்பதற்கு ஆவதைவிட அதிகம். இலவசமாகக் கொடுத்தாலோ, புதியதை எவர் வாங்குவார்? ஆகவே வெட்டிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. உறையைக் கிழிக்க வேண்டும். இடக்கையை உள்ளே விட்டுத் துணியை இழுக்க வேண்டும். வலக்கைக் கத்தியால் கழுத்தில் தொடங்கி இடுப்புவரை குறுக்காக ஓர் இழுப்பு. நேராக வெட்டினால் எவரேனும் தைத்து உடுத்திவிடுவார்கள். குறுக்கு வெட்டுக்கு மருந்தில்லை. கூற்றுவன்கூட உயிருக்கு அளந்த நாள் முடியும்வரை காத்திருப்பான். அந்த மேசையிலோ, ஒரு தோளையும் தொட்டறியாத ஆடைகள் முதல் மடிப்புக் கலையுமுன்னரே மாண்டன.

கையில் பிடிப்பது கத்தி. ஆயினும் எல்லாருக்கும் அவள் கத்தரியக்கா. கழிவை எடைபோடும் எடைக்காரர் போகிற போக்கில் வம்புக்கு இழுப்பார்.

"என் மாமியார் அனுப்பினது ஏதாச்சும் வந்தா, ரெண்டு இழுப்பா இழுத்துவிடுங்கக்கா."

"உங்க மாமியார் உங்களையே திருப்பி அனுப்பினாலும் இந்த மேசைக்குத்தான் வருவீங்க. பாத்து நடந்துக்குங்க."

வெட்டியவை கிடங்கின் பின்னுள்ள பள்ளத்தில் விழும். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது குளம். ஆம்பல் மலர்ந்திருக்க, நாரை ஒன்று ஒற்றைக் காலில் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். இன்று மழை பெய்தால் அங்கே சாயம் கரைந்து நிலத்தில் இறங்குகிறது. அவள் தெருவின் அடிகுழாயில் தண்ணீர் இளஞ்சிவப்பாய் வருகிறது. நாரைகள் எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டன.

அவளுக்கு ஒரே மகள். கணவர் இறந்தபின் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள். மகளுக்குச் சட்டை வாங்கும் ஆசை வந்தது. வாங்குவாள், உடுத்திப் படம் எடுத்துக்கொள்வாள், திருப்பி அனுப்புவாள். தாய் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஏன் இப்படி என்று கேட்டுவிட்டாள். மகள் சீறினாள்.

"காசு கூடப் போகலம்மா. உனக்கு எங்க வலிக்குது?"

"நீ அனுப்பறத நாளைக்கு நான்தான்டி வெட்டணும். அனுப்பு, உன் கண்ணு முன்னாலயே வெட்டறேன்."

பேச்சு தடித்தது. மகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோழியின் அறைக்குக் குடிபோனாள். அதன்பின் ஓராண்டாகத் தாய் கைப்பேசியில் கேட்கும் "சாப்பிட்டியா"வுக்கு "ம்" என்ற ஓரெழுத்தே விடை. அந்த ஓரெழுத்தும் நின்றுவிடுமோ என்பதே அவள் அச்சம்.

ஒரு மாலை அவள் காய் நறுக்கிக்கொண்டிருக்கையில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "உன் பேருக்கு வந்திருக்கு. நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்துவிட்டுப் போனாள். கிடங்குக்கு வரும் அதே சாம்பல்நிற உறை. அடுப்பில் உலை பொங்கியது. கண் அங்கே போயிற்று. உறை கிழிந்தது, இடக்கை உள்ளே போயிற்று, துணி வெளியே வந்தது. கத்தி கழுத்தில் இறங்கியது. மலிவுத் துணி கத்தியை எதிர்க்காது. இது எதிர்த்தது. கை பழக்கத்தால் இன்னும் அழுத்தி இழுத்தது. அப்போதுதான் அவள் குனிந்து பார்த்தாள்.

மகளின் பழைய உடைகள் அவை. மஞ்சள் பூப்போட்டது ஒரு கையாகவும், பள்ளிக்கூடத்து நீலம் மார்பாகவும் இணைந்து, உள்ளே இரட்டைத் துணி வைத்து, கோணல்மாணலான கைத்தையலில் ஒரு மேற்சட்டை ஆகியிருந்தன. குறுக்கே அவளுடைய வெட்டு.

கைப்பேசி ஒலித்தது.

"பிரிச்சியாம்மா? கிடங்குல குளிருதுன்னு சொல்லுவியே. நானே தைச்சேன். இப்பல்லாம் எதுவும் வாங்கறதில்ல. புடிச்சிருக்கா?"

"ரொம்பப் புடிச்சிருக்குடி கண்ணு."

"ஞாயித்துக்கிழமை வரேன்."

மறுநாள் தையற்காரரிடம் கொண்டு ஓடினாள். அவர் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "சேர்த்தா ஒரு தோள் மேல ஏறிக்கும்மா. போடவே முடியாது. யாரோ விவரம் தெரிஞ்சவங்கதான் வெட்டியிருக்காங்க." அவள் சட்டையை வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஞாயிறன்று வந்த மகள் மெலிந்திருந்தாள். விரல் நுனிகளில் ஊசி குத்திய புள்ளிகள். வந்ததும் சட்டையைக் கேட்டாள். அப்புறம் பார்க்கலாம் என்று தாய் இழுக்க, தானே அலமாரியைத் திறந்து எடுத்து மடியில் விரித்தாள். வெட்டின் ஓரமாக விரல் மெல்ல ஊர்ந்தது.

"கழுத்துலேருந்து குறுக்க. தைக்க முடியாத வெட்டு." குரல் உயரவில்லை. "இன்னும் கோவம் போகலயாம்மா?"

"ஐயோ, இல்லடி. கை தெரியாம வெட்டிடுச்சு."

"கை எப்படிம்மா தெரியாம வெட்டும்?"

"தினமும் செஞ்சு செஞ்சு..."

"அப்ப போன்ல புடிச்சிருக்குன்னு ஏன் சொன்ன?"

ஆளைக் கேளாமலே கை தன் வேலையை முடித்துவிடும் என்பதை, அந்த மேசையில் நின்றவர்கள் கேட்டமாத்திரத்தில் நம்புவார்கள். மற்றவர்க்கு அது பொய்யின்மேல் இன்னொரு பொய். மகள் சண்டையிட்டிருந்தால் தாய்க்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ விருந்தாளியைப்போலத் தண்ணீர் குடித்து, குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சட்டையை மடித்துத் தன் பைக்குள் வைக்கப் போனாள்.

"அத மட்டும் வச்சுட்டுப் போடி."

"கிழிஞ்சத வச்சு என்னம்மா பண்ணப் போற?"

தாய் அதைப் பிடுங்கி, உடுத்தியிருந்த உடைமேலேயே மாட்டிக்கொண்டாள். ஒரு பக்கம் முழங்கைவரை சரிந்தது. அதை மார்போடு கையால் சேர்த்துப் பிடித்தபடி வாசல்வரை வந்தாள். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன்" என்று பொதுவாகச் சொல்லி, படியிறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தாய் பிடித்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.