இருபது வருஷமாகப் புதியவர்

டெல்லிக்கு வேலைக்கு வந்த முதல் ஞாயிறு, தமிழ் ஆராதனைக்குப் போகுமுன் மூன்று விதிகள் வகுத்துக்கொண்டேன். கடைசி வரிசையில் உட்காருவது, யாரிடமும் பேசாமலிருப்பது, முடிந்ததும் மெட்ரோவுக்கு ஓடுவது.

பாட்டு முடிந்ததும் போதகர், "புதுசா வந்தவங்க எழுந்து நின்னு பேர் சொல்லுங்க" என்றார். கூட்டத்தின் முன் தனியாக நின்றால் எனக்குக் குரலே வராது. வெளியே போய்விட நினைத்தேன்.

அதற்குள் பக்கத்திலிருந்த அம்மாள் எழுந்தார். நரைத்த கொண்டை, நர்ஸுகளைப் போல உள்பக்கம் திருப்பிக் கட்டிய கடிகாரம். என் கையையும் பிடித்து எழுப்பினார்.

போதகர் சிரித்தார். "அக்கா, இருபது வருஷமா நீங்க புதுசுதானா?"

"இந்தப் பிள்ளகூட இன்னைக்குத்தான வாரேன், ஐயா!"

சபையே சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக என் பெயரைச் சொல்லிவிட்டேன்.

மதியம் மயூர் விஹாரில் அந்த அம்மாள் வீட்டில் மீன்குழம்பு. "நீங்க வந்த அன்னைக்கு உங்ககூட யார் நின்னாங்க?" என்று கேட்டேன்.

"கர்த்தர் நின்னாரு. ஆனா பக்கத்துல ஒரு ஆளும் நின்னிருந்தா நல்லா இருந்திருக்கும். மீன் போட்டுக்கோ, பிள்ள."

போன வாரம் அவருக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. கடைசி வரிசையில் ஒரு புதுப் பெண் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். போதகர் வழக்கம்போலக் கேட்டதும், நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீயுமா?" என்றார் போதகர்.