முகாமின் திறப்பு

வதனி எங்கே போனாலும் முதலில் வெளியே போகும் வழியைத்தான் பார்ப்பாள். தேவாலயப் பூசைக்குப் போனால் கடைசி வாங்குப் பலகையின் ஓரத்தில் இருப்பாள். பஸ் என்றால் கதவடி. பலெர்மோவின் பல்லரோ சந்தையில் மூன்று கடை ஏறி இறங்கி, தக்காளியை அழுத்திப் பார்த்து, விற்பவனின் பொறுமையையும் சேர்த்து அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். அப்போதும் ஒரு கண் சந்தின் முனையில் இருக்கும். லிபெர்த்தா வீதியில் வயதான ஓர் இத்தாலிய அம்மாளை, ஒரு சிஞ்ஞோராவைப் பராமரிக்கும் வேலைக்கு முதல்நாள் போனவள் லீவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “படிக்கட்டுக் கதவு உள்ளேயிருந்து திறக்குமா?” என்றுதான் கேட்டாள். அந்தக் கிழவி பன்னிரண்டு வருடமாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

வீட்டில் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் சிஞ்ஞோரா உஷீத்தா. கட்டடங்களில் வெளியேறும் வழிக்கு மேலே பச்சை எழுத்தில் எரியுமே, அந்தச் சொல்தான் உஷீத்தா. வதனிக்கு இதில் கோபமே வராது. பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

இந்த வருட ஈஸ்டருக்கு ஓர் அதிசயம் நடந்தது. சிஞ்ஞோராவை மகன் வந்து ஒரு வாரத்துக்கு ரோமுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான். வதனியின் கணவன் ஜசிந்தன் பாத்திரம் கழுவும் உணவகம் கடலோரக் கால்சாப் பகுதியில் இருக்கிறது. நிலத்தை உடைத்துப் புதுக் கல் பதிக்க, அதே வாரம் அதையும் பூட்டுவதாகச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூட விடுமுறை. வதனி கல்யாணம் முடித்துப் பலெர்மோவுக்கு வந்து பதினைந்து வருடம். நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் லீவு கிடைத்தது இதுதான் முதல் தடவை. அவள் கலண்டரில் அந்த வாரத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். பிறகு அது போதாதென்று இன்னொரு வட்டமும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் மகள் வேணுகா எழுந்து நின்றாள். பதினாலு வயது. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் போகிறவள். அம்மாவைச் சந்தோஷப்படுத்த, போனில் பார்த்துப் பார்த்துத் தயார்பண்ணிய வசனத்தை மேடையில் பேசுகிறவள் மாதிரிச் சொன்னாள்.

“அன்பான அம்மா, அப்பா! உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் நாங்கள் குடும்பமாக முகாமுக்குச் செல்வோம்!”

ஜசிந்தன் கைதட்டினான். வதனியின் கையில் இருந்த சோற்றுக் கரண்டி அப்படியே நின்றது.

“என்ன சொன்னனீ?”

“காம்பெஜ்ஜோ அம்மா. தமிழிலை அதுக்கு முகாம். கடற்கரையிலை ரென்ற் அடிச்சு, கூடாரத்துக்கை நாலு நாள் இருக்கிறது. என்ரை வகுப்பிலை எல்லாரும் போகினம்.”

“முகாமும் இல்லை, கிகாமும் இல்லை. சாப்பிடு.”

“தாய், அம்மா, தாய்!” என்று கெஞ்சினான் நிரூபன். அவனுக்குப் பதின்மூன்று. வாங்களேன், விடுங்களேன் என்று கெஞ்சுவதற்கு இத்தாலியர் சொல்கிற சொல் அது. தமிழ் வீட்டில் அது எப்படிச் சுற்றினாலும் அம்மாவிடம்தான் வந்து சேரும். அன்று சேரவில்லை. வதனி எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

பிள்ளைகளுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. இருபத்துநாலு வயதில், ஈழத்தில் சண்டை முடிந்த கையோடு, வதனி செட்டிகுளம் முகாமில் முட்கம்பிக்குள்ளே ஏழு மாதம் இருந்தவள். ஒரு கூடாரத்தில் பதினொரு பேர். வெளியே போகப் பாஸ் வேண்டும், அந்தப் பாஸ் எளிதில் கிடைக்காது. ஜசிந்தன் அதற்கு முதலே இத்தாலிக்கு வந்துவிட்டவன். மனைவி முகாமில் இருந்தவள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். அதற்கு மேல் அவன் கேட்டதில்லை, அவளும் வாய் திறந்ததில்லை. பிள்ளைகளுக்கு அவ்வளவுகூடச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து சிரித்துக்கொண்டு திரிகிறதுகள், அதுகளின் தலையில் இதை ஏன் ஏற்றவேண்டும் என்று விட்டிருந்தாள்.

ஜசிந்தன் குசினி வாசலில் வந்து நின்றான்.

“வதனி, அது வேறை, இது வேறை. சொல்லு மட்டும்தான் ஒண்டு.”

“எனக்கு ஏலாது. நீங்கள் மூண்டு பேரும் போயிட்டு வாங்கோ.”

“நீ வராட்டி ஒருத்தரும் போகேல்லை.”

அவன் கோபித்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். இப்போது பழி முழுக்க அவள் தலையில். பதினைந்து வருடத்தில் வாய்த்த ஒரே ஒரு வாரம் அவளால் கெட்டுப்போகப் போகிறது. இன்னும் இரண்டு வருடம் போனால் இந்தப் பிள்ளைகள் தாய் தகப்பனோடு எங்கேயும் வராதுகள், சிநேகிதரோடு போய்விடும். போகவும் ஆசை, பயமும் விடவில்லை.

பிள்ளைகள் ஆசையை விடவில்லை. வேணுகா சிநேகிதி வீட்டில் ஒரு கூடாரத்தை இரவல் வாங்கி வந்தாள். அடுத்த சனி பின்னேரம் கால்சாவுக்கு முன்னால் கடலோரப் புல்வெளியில் அதை நட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வதனி பிளாஸ்கில் தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு பார்வையாளராக மட்டும் போனாள். போய், வழக்கம்போல, ரோட்டோரமாக இருந்தாள்.

தகப்பனும் பிள்ளைகளும் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நிரூபன் போனில் வீடியோவை ஓடவிட்டு இத்தாலி மொழியில் உத்தரவு போட்டான். வேணுகா கம்பிகளைத் தவறான மடிப்புக்குள் செருகினாள். ஜசிந்தன் கூடாரத்துணிக்குள்ளே அகப்பட்டுக் கையும் காலுமாக அடித்துக்கொண்டான். பட்டம் விட வந்தவர்கள் பட்டத்தை மறந்து இவர்களைப் பார்த்தார்கள். முக்கால் மணி நேரம் போயிற்று. வதனியின் கை பரபரத்தது. எவ்வளவு நேரம்தான் ஒரு மனுசி சும்மா இருப்பது?

“விடுங்கோ! வாசலை அங்காலை வையாதையுங்கோ. காத்து நேரை உள்ளுக்கை வரும்.”

வந்தாள், துணியை உதறினாள், நாலு மூலையையும் இழுத்துப் பிடித்தாள். ஆப்புகளைச் சாய்த்து வைத்துச் சப்பாத்துக் குதியால் அடித்து இறக்கினாள். பத்து நிமிடம் ஆகியிருக்காது, கூடாரம் சுருக்கமே இல்லாமல் நின்றது. அவள் நிறுத்தவில்லை. கூடாரத்தைச் சுற்றிக் குதியால் புல்லில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே வந்தாள்.

“இதாலை வாய்க்கால் வெட்டோணும். இல்லாட்டி மழைத் தண்ணி கீழாலை வந்திடும். படுக்கிற பாய் நனைஞ்சுதெண்டால் பிறகு காயாது.”

சொல்லி நிமிர்ந்தபோது மூன்று பேரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

“மாத்ரி மீயா!” என்றான் நிரூபன். “அம்மா, இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

வேணுகா வீடியோவையும் கூடாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தக்காளிக்குச் சண்டை பிடிக்கிற தாய்க்குள்ளே இப்படி ஒருத்தி இருக்கிறாளா என்ற பிரமிப்பு அந்தப் பிள்ளையின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அந்த முகத்துக்குப் பொய் சொல்ல வதனிக்கு மனம் வரவில்லை. புல்லில் அமர்ந்து, தேத்தண்ணீரை ஊற்றிக் கொடுத்து, சொன்னாள்.

“நான் ஏழு மாசம் ரென்றுக்கை இருந்தனான். அதுக்குப் பேர்தான் முகாம்.”

அதிகம் சொல்லவில்லை. பதினொரு பேர் படுக்க இடம் போதாமல் முறை வைத்துப் படுத்ததைச் சொன்னாள். மழையில் விடிய விடிய மண்வெட்டியோடு நின்றதைச் சொன்னாள். கம்பிக்கு அந்தப் பக்கம் தாய்மாமன் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதையும், கை எட்டாமல் போனதையும் சொன்னாள். ஜசிந்தன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவனுக்கும் அது புதுக்கதைதான்.

“நீங்கள் என்ன பிழை செய்தனீங்கள்?” என்று கேட்டான் நிரூபன்.

“ஒண்டும் செய்யேல்லை.”

“அப்ப ஏன் வெளியிலை விடேல்லை?”

பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கேள்வி. பதினேழு வருடமாக வதனிக்கும் அதுதான் கேள்வி.

வேணுகாவின் கண் நிறைந்துவிட்டது. “எனக்குத் தெரியாது அம்மா. போன் அப்பிடித்தான் சொன்னது. நாங்கள் போகவேண்டாம்.”

வதனி மகளின் மூக்கைத் துடைத்துவிட்டாள். சொன்ன பிறகு நெஞ்சு இலேசாகத்தான் இருந்தது, அது அவளுக்கே ஆச்சரியம். “பொறு. முதல் நான் போய் அங்கத்தை வாசல் கேற்றைப் பாக்கிறன். பிறகு சொல்லுறன்.”

அடுத்த ஞாயிறு, இடத்தைப் பார்த்து வர, நாலு பேரும் செஃபாலுப் பக்கம் போகும் ரயிலில் ஏறினார்கள். ஒரு மணி நேரம் கடலோரமாக ஓடிய ரயிலில் மற்றவர்கள் கடலைப் பார்க்க, வதனி மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை அணைத்துக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஓர் இத்தாலி வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

ஒலிவ மரங்களுக்கு நடுவே அந்த இடம் இருந்தது. உயரமான இரும்புக் கேற். மத்தியான ஓய்வு நேரமாதலால் பூட்டியிருந்தது. பூட்டைக் கண்டதும் வதனியின் கால் பின்வாங்கியது. ஜசிந்தன் மணியை அடித்தான். தொப்பி போட்ட ஒரு மனிதர் வந்து திறந்து, உள்ளே விட்டு, பழையபடி பூட்டிவிட்டுத் தன் சின்ன அறைக்குக் கூட்டிப்போனார். இடம் பதிவுசெய்ய ஒரு அடையாள அட்டை கேட்டார்.

வதனி பையை மேசையில் கவிழ்த்தாள். நாலு பேரின் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பங்குத் தந்தையின் கடிதம்.

“சிஞ்ஞோரா, தங்க வந்தீர்களா, இந்தக் காணியை எழுதி வாங்க வந்தீர்களா?” அவர் சிரித்துக்கொண்டு ஓர் அட்டையை மட்டும் எடுத்தார். இலக்கத்தை எழுதினார், உடனேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். திரும்பி வந்த அட்டையை வதனி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள்.

பிறகு பாடமாக்கிய வசனத்தைக் கேட்டாள். “உள்ளே வந்த பிறகு, வெளியே போகலாமா?”

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. “எப்போது விருப்பமோ அப்போது, சிஞ்ஞோரா.”

“யாரிடம் கேட்கவேண்டும்?”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, சுவரில் வரிசையாகத் தொங்கிய சாவிகளில் ஒன்றைக் கழற்றி நீட்டினார். “கேற் பூட்டியிருக்கும் நேரத்துக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று கொடுப்போம். யாரிடமும் கேட்க வேண்டாம்.”

“திறப்பு,” என்றாள் வதனி தமிழில், தனக்குத்தானே. ஈழத்தில் சாவிக்கு அதுதான் பெயர். முகாமின் திறப்பு, முகாமில் இருக்கப்போகிறவளின் கையில்! அப்படியும் ஓர் ஏற்பாடு உலகத்தில் இருக்குமா?

நேரே கேற்றுக்குப் போனாள். திறப்பைப் போட்டுத் திருப்பினாள். திறந்தது. வெளியே போய், பூட்டி, ரோட்டில் நின்றாள். ஒருவரும் கூப்பிடவில்லை. திறந்து உள்ளே வந்தாள். திரும்ப வெளியே போனாள், திரும்ப வந்தாள். மூன்றாம் தடவை போய் ரோட்டில் நின்றபோது அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். உள்ளே நின்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிஞ்ஞோரா உஷீத்தா என்று ஒருவரும் சொல்லவுமில்லை. இரண்டு பேரும் அசையாமல் நின்று, அம்மா திறப்பதையும் பூட்டுவதையும் பூசை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே வந்த பிறகுதான் அவள் அந்த இடத்தையே பார்த்தாள். ஒலிவ நிழலில் மஞ்சளும் பச்சையுமாகக் கூடாரங்கள். அவற்றுக்கு முன்னால் தாங்களாகவே விரும்பி வந்த சனம், கால் நீட்டிச் சோம்பலாகக் கிடந்தது. எல்லாவற்றுக்கும் அப்பால் கடல், பார்க்கப் பார்க்க முடிவில்லாத நீலம்.

தொப்பிக்காரர் பதிவுக் கொப்பியோடு வந்தார். ஈஸ்டரில் நாலு நாளைக்கும் இரண்டு இடம்தான் மிச்சம் என்றார். ஒன்று இதோ, கேற்றுக்குப் பக்கத்தில். மற்றது அந்தக் கடைசியில், கடலோடு. அங்கேயிருந்து கேற்றுக்கு வரக் கொஞ்சம் நடக்கவேண்டும்.

வேணுகா யோசிக்கவில்லை. அம்மாவை அவளுக்குத் தெரியாதா? “கேற்றடி,” என்று சொல்லக் கையைத் தூக்கினாள்.

வதனி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். மற்றக் கையில் திறப்பு இருந்தது.

“கேற்றடி வேண்டாம் பிள்ளை,” என்றாள். “அங்கை, கடைசியிலை, கடலோடை இருக்கிறதைக் கேள்.”