தீவில் செல்லாத நோட்டு

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. அவன் வாழைமரப் படம் போட்டு அச்சடித்த நோட்டு ஒரு பிஸ்கட் டின் நிறையக் கிடந்தது. அரிசிதான் இல்லை. பண்டார் ஹிலிரில் இருந்த எங்கள் துணிக்கடையை ஒரே காலையில் வழித்துக்கொண்டு போன சிப்பாய்கள், அதற்கு விலை என்று கொடுத்த நோட்டுகள் அவை. கடையைப் பூட்டிவிட்டு வந்த என் கணவர், காஜா பெராங்கில் இருந்த வீட்டில் மலேரியாவோடு படுத்துவிட்டார். சரக்கில் மிஞ்சியது நான் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த பூவேலைச் சாயம் போட்ட ஒரு பாத்தேக் சாரோங் துணி மட்டும்.

தலைமுறைகளாகத் தமிழ் மறந்த செட்டிகள் குடியிருந்த கம்போங் செட்டியில் எனக்கொரு தோழி இருந்தாள். பேசுவதெல்லாம் மலாய்; இடையிடையே ஒன்றிரண்டு தமிழ்ச் சொல் வரும். நெற்றியில் விபூதியோடு பூலாவ் பெசார் தீவுக்குப் போய், அங்குள்ள தர்காவில் ஊதுவத்தி ஏற்றிவருவாள். "அக்கா, தீவுல கருவாடும் தேங்காயெண்ணெயும் கிடைக்குது, வா" என்றாள். சாரோங்கை இடுப்பில் சுற்றி மறைத்து, நோட்டுக் கத்தையைப் பையில் போட்டுக்கொண்டு உம்பாய்த் துறையில் அவளோடு படகேறினேன்.

தீவின் கரையில் ஒரு மீனவப் பெண் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நோட்டை நீட்டினேன். கையைக்கூடத் துடைக்கவில்லை அவள். "தா லாக்கு" என்றாள். செல்லாதாம்.

"ஜப்பான்காரன் காதுல விழுந்தா தலை போயிடுமே?"

"தலை என்னோடது. துணி இருக்கா? சோப்பு? தீப்பெட்டி? அதான் இங்க காசு."

என் சாரோங்கை விரித்துக் காட்டினேன். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு கூடைக் கருவாடு, இரண்டு போத்தல் எண்ணெய் என்று பேசி முடித்தோம். அவள் போத்தல் எடுக்க உள்ளே போனபோதுதான் படகுத்துறைப் பக்கமிருந்து ஒரு ஜப்பானிய அதிகாரி வந்தான். கடலில் குளிக்க வந்தவன், தோளில் துண்டு. கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளன். நானும் தோழியும் குனிந்து வணங்கினோம். நிமிர்ந்தபோது அவன் சாரோங்கின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊருல இருக்கற மனைவிக்கு அனுப்பணுமாம். விலை குடுப்பாரு" என்றான் மொழிபெயர்ப்பாளன். அதிகாரி கத்தையை எடுத்து நீட்டினான். புத்தம்புது நோட்டு, மடிப்புக்கூட விழவில்லை.

எங்கள் கடை அலமாரிகள் காலியாகக் கிடந்த அந்தக் காலை எனக்குள் திரும்பி வந்தது. அன்றும் இதே நோட்டுத்தான். இவன் மனைவி நல்லவளாகவே இருக்கட்டும். என் கடைசித் துணியை இந்தக் காகிதத்துக்கு நான் கொடுக்கமாட்டேன்.

"இது விக்கறதுக்கு இல்ல. தர்காவுல அடங்கியிருக்கற அவுலியாவுக்குப் போர்த்தறதுக்குக் கொண்டுவந்தது" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. தோழி என் கையைக் கிள்ளினாள். "கிலாவா, அக்கா?" என்று முணுமுணுத்தாள். பைத்தியமா என்று கேட்கிறாள். நான் திரும்பிப் பார்க்காமல் தர்காவை நோக்கி நடந்தேன். பின்னாலேயே பூட்ஸ் சத்தம் வந்தது. உள்ளே போய் சாரோங்கை விரித்துக் கபுறின் மேல் போர்த்தி, கையேந்தி துவா கேட்டேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை.

வாசலில் நின்ற அவன் உள்ளே வரவில்லை. நான் வெளியே வந்ததும் ஓங்கிக் கன்னத்தில் அறைந்தான். காது இரைந்தது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போய்விட்டான். போகட்டும். துணி கிடைக்கவில்லை அவனுக்கு.

மீனவப் பெண் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். பரிதாபம் பேசவில்லை. ஈரத்துணியை என் கன்னத்தில் வைத்து அழுத்திவிட்டு, "வேற என்ன வச்சிருக்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரவிக்கையில் குத்தியிருந்த இரண்டு தையல் ஊசிகளைக் கழற்றிக் கொடுத்தேன். ஊசி முனையை விரலில் குத்திப் பார்த்து, திருப்தியாகி, ஒரு போத்தல் எண்ணெய் கொடுத்தாள்.

வீங்கிய கன்னத்தைப் பார்த்ததும் கணவர் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"குடுத்துத் தொலைச்சிருக்கலாம்ல? உசுரு போயிருந்தா?"

"போகல."

"நோட்டாவது கிடைச்சிருக்கும்."

"டின்னுல எடமில்லைங்க" என்றேன்.

அவர் படுக்கையைவிட்டு இறங்கினார். பிறகு மரவள்ளிக்கிழங்கை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தார். காய்ச்சல் வந்ததிலிருந்து அவர் கத்தியைத் தொட்டது அன்றுதான். அந்த எண்ணெயில் வறுத்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் புறப்பட்டபோது, முக்காட்டை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொள்ளச் சொன்னாள் தோழி. நான் மூடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் நின்று, துணியை விற்க மறுத்ததற்கு வாங்கிய அறை என்று பதில் சொன்னேன்.