பெயரில்லாத ஸ்கேன் அறை

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் இயந்திரம் வந்து இரண்டு மாதமாகியும் அறையைத் திறக்கவில்லை. மும்மொழிப் பலகை மாட்டிய பிறகுதான் திறப்பு விழா. சிங்களமும் ஆங்கிலமும் எழுதியாயிற்று. தமிழுக்கு ஒரு குழு. அரசாங்கச் சுற்றுநிருபங்களை மனப்பாடமாகச் சொல்லும் ஓய்வூதியக்காரன் என்பதால் என்னையும் அதில் போட்டார்கள்.

மூன்றாவது கூட்டத்தில் தமிழாசிரியர் ‘வருடி அறை’ என்றார். இயந்திரத்துக்கு நன்கொடை சேர்த்த காத்தான்குடிப் புடவைக் கடைக்காரர் துள்ளி எழுந்தார்.

“வருடுறதெண்டா தடவுறது, சேர். பொம்புளைகள் வாற இடம். அந்தப் பலகைக்குக் கீழ நான் நிக்கமாட்டன்.”

நான் என் பங்குக்கு விரிவுரை நடத்தினேன். லத்தீனில் ஸ்கேனின் வேர்ச்சொல்லுக்கு ஏறுதல் என்று பொருள். படியேறுவதுபோல அடியடியாகச் செய்யுளை அளப்பதற்கு ஆங்கிலேயர் அதை எடுத்தார்கள். பிறகு எதையும் கூர்ந்து பார்ப்பதற்கு, கடைசியில் வயிற்றுக்குள் பார்ப்பதற்கு. செய்யுளை அளப்பதை நாம் அலகிடுதல் என்கிறோம். ஆகவே ‘அலகீட்டு அறை’. செய்யுளை அலகிடத் தெரியாத எல்லோரும் தலையாட்டினார்கள். தெரிந்த ஒரே ஒருவரான தமிழாசிரியர் எதிர்த்தார். கூட்டம் தேநீருக்குக் கலைந்தது.

வெளியே மர வாங்கில் பனிச்சங்கேணிப் பெண் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக் குனிந்திருந்த புருஷனோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்க முடியாதென்று வைத்தியர் சொல்லியிருந்தாராம்.

“மூணாந்தரமா வாறம். உள்ளுக்க என்னதான் நடக்குது, ஐயா?”

“அறைக்குப் பெயர் வைக்கிறோம்.”

“புள்ளைக்கு முப்பத்தொராம் நாளிலதானே பேர் வைப்பம். அதுவரைக்கும் பால் குடுக்காமலா கிடக்கிற?”

பரீட்சார்த்தமாக இயக்குவதற்குப் பலகையும் வேண்டாம், விழாவும் வேண்டாம் என்ற விதி எனக்கு முதல் நாளே தெரியும். சொன்னால் குழுவுக்கு வேலையில்லாமல் போய்விடும். தேநீர் வேறெங்கே கிடைக்கும், என் லத்தீனைக் கேட்க ஆட்கள்தான் எங்கே கிடைப்பார்கள்?

திரும்பிப் போய் விதியைச் சொன்னேன். பொறுப்பு வைத்தியர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“இது இப்பவா ஞாபகம் வந்தது, சேர்?”

“ஓம்” என்றேன். அலுவலகத்தில் முப்பது வருடம் சொல்லிப் பழகிய பொய்.

அன்று பின்னேரமே அவள் புருஷனை உள்ளே கூட்டிப்போனார்கள். அடுத்த கிழமை, நான்காவது கூட்டத்துக்குப் போகும் வழியில், அதே வாங்கில் அவளைக் கண்டேன்.

“பேர் வெச்சாச்சா, ஐயா?”

“இன்னும் இல்லை.”

“இவருக்குப் பித்தப்பையில கல்லாம். வெட்டத் திகதியும் தந்திட்டாங்க. நீங்க அவசரப்படாம ஆறுதலா வைங்க.”